லேப்டாப் ஆன் ஆகல, ஒரு லைட்டும் வரல. "போர்டு போச்சு"ன்னு (உள்ள இருக்கிற மெயின் சர்க்யூட் அட்டை, மதர்போர்டு) சொல்றாங்க, நம்பலாமா?

அக்டோபர் 22, 2024, காலை 6:50

ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் வேலை பாத்துட்டு ஸ்லீப்ல போட்டு மூடி வச்சேன், சார்ஜர் சொருகின படியேதான் இருந்துச்சு. காலைல எந்திரிச்சு பட்டனை அழுத்தினா வெள்ளையா ஒரு மினுக்கு மினுக்கிட்டு அடங்கிருச்சு, அதுக்கப்புறம் எத்தனை தடவை அழுத்தினாலும் ஒண்ணுமே இல்ல. ஃபேன் சத்தம் இல்ல, சார்ஜ் லைட் இல்ல, ஸ்கிரீன் கருப்பு. 2018ல வாங்கினது, 15 இஞ்ச், விண்டோஸ் 10. பேட்டரி ரொம்ப வீக், சார்ஜர் இல்லாம இருபது நிமிஷம் நின்னா பெரிய விஷயம். அடாப்டர்ல பச்சை லைட் எரியுது, அதனால அடாப்டர் நல்லாத்தான் இருக்கு.

நான் வீட்ல இருந்தே கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ணி பிரஸ்ஸுக்கு அனுப்புறவ. கார்த்திகை முதல் முகூர்த்தத்துக்கு மூணு பத்திரிகை அதுக்குள்ளதான் இருக்கு. பாளையங்கோட்டைல நேத்து ராத்திரி இடி மின்னல் வேற. முதல்ல எதைப் பாக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அக்டோபர் 22, காலை 9:15

பதில்ல நீங்க சொன்னதெல்லாம் செஞ்சு பாத்துட்டேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுட்டு நேரா சுவர் பிளக்ல போட்டேன், அதே பிளக்ல டேபிள் லேம்ப் எரியுது. அடாப்டர் செங்கல்ல இருந்து சுவருக்குப் போற வயர் இருக்குல்ல, மூணு ஓட்டை முக்கோணமா இருக்கிறது, அது லூசா இருந்தா இப்படி ஆகும்னு ஒருத்தர் சொன்னார், பிடுங்கி அழுத்தி மாட்டியாச்சு. சார்ஜரைக் கழட்டிட்டு பவர் பட்டனை 30 செகண்டு விடாம அமுக்கிப் பிடிச்சேன், பிறகு சார்ஜரை மட்டும் போட்டு ஆன் பண்ணினேன். ம்ஹூம்.

பேட்டரியையும் கழட்டிட்டு அமுக்கணுமாம். எனக்கு பேட்டரி உள்ள இருக்கு, அடிப்பக்கம் பதினோரு ஸ்க்ரூ. மத்தியானம் கழட்டுறேன்.

அக்டோபர் 22, மாலை 4:30

கழட்டிட்டேன். ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளம் இல்ல, இதை யாரும் முன்னாடியே சொல்லல, அதனால நான் சொல்றேன்: ஒரு வெள்ளைப் பேப்பர்ல லேப்டாப் மாதிரி ஒரு கட்டம் போட்டு, எந்த ஸ்க்ரூ எங்க இருந்துச்சோ அந்த இடத்துல செல்லோடேப் போட்டு ஒட்டி வச்சிருங்க. நீள ஸ்க்ரூவை குட்டை ஸ்க்ரூ இடத்துல போட்டு முறுக்கினா மேல கீபோர்டு பக்கமா குத்திக்கிட்டு வந்துரும்.

உள்ள போனதும் முதல் வேலையா பேட்டரி கனெக்டரைக் கழட்டினேன். பேட்டரி உப்பல, தட்டையாத்தான் இருக்கு. உங்களுக்கு டச்பேட் மேல தூக்கிட்டு இருந்தாலோ மூடி சரியா மூடாம இருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கலாம், அதை அழுத்திப் பாக்குறது, நெம்பி எடுக்குறது, ஸ்க்ரூட்ரைவரால குத்துறது எதுவும் வேண்டாம். லித்தியம் பேட்டரில ஓட்டை விழுந்தா தீப்பிடிக்கும். சார்ஜரையும் போடாம அப்படியே கடைக்கு எடுத்துட்டுப் போங்க.

பேட்டரி இல்லாம 30 செகண்டு அமுக்கினேன், சார்ஜரைப் போட்டேன், இப்பவும் ஒண்ணும் இல்ல.

ரேமை (மெமரி அட்டை) கழட்டி ரப்பர் போட்டுத் துடைக்கச் சொன்னவங்க மூணு பேர். அதையும் செஞ்சேன், தப்பில்ல, ஆனா யோசிச்சுப் பாத்தா அது என் கேஸே இல்ல. பவர் வந்து, லைட் எரிஞ்சு, ஃபேன் சுத்தி, ஸ்கிரீன் மட்டும் கருப்பா இருந்தா ரேம், டிஸ்ப்ளே கேபிள்னு போகணும். அந்த மாதிரி இருந்தா இருட்டு ரூம்ல ஸ்கிரீன் மேல டார்ச்சை சாய்ச்சு அடிச்சுப் பாக்கணுமாம், மங்கலா ஐகான் தெரிஞ்சா விண்டோஸ் ஓடிட்டுதான் இருக்கு, பின்னாடி வெளிச்சம் மட்டும்தான் இல்ல. எனக்கு அந்த ஃபேனே சுத்தலையே. பவர் உள்ளயே போகல. 'ஆன் ஆகல'ன்னு நாம ஒரே வார்த்தைல சொல்லிடுறோம், உள்ள அது ரெண்டு வேற வேற நோய்.

அக்டோபர் 22, இரவு 9:40

அண்ணன்கிட்ட மஞ்சள் கலர் மல்டிமீட்டர் ஒண்ணு இருக்கு, வாங்கிட்டு வந்தேன். டிசி 200ல வச்சு அடாப்டர் முனைல அளந்தேன், 19.4 வோல்ட். அடாப்டர் மேல 19.5 வோல்ட், 3.33 ஆம்ப்ஸ்னு போட்டிருக்கு, பெருக்கினா 65 வாட்ஸ். அப்போ அடாப்டர் சரி.

என் அடாப்டர் முனைக்கு நடுவுல ஊசி மாதிரி ஒண்ணு இருக்கு, பாசிட்டிவ் அதுல இல்ல, முனையோட உள் சுவர்ல இருக்கு. அந்த ஊசி லேப்டாப்புக்கு 'நான் இத்தனை வாட்ஸ் அடாப்டர்'னு சொல்றதுக்கு. அது வளைஞ்சாலோ ஒடிஞ்சாலோ லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது, இல்லன்னா மெதுவா ஓடும். எனக்கு நேராத்தான் இருக்கு.

நாளைக்குக் கடை.

அக்டோபர் 23, மதியம் 1:20

கடைக்குப் போனேன். கவுண்டர்ல இருந்தவர் அவர்கிட்ட இருந்த ஒரு சார்ஜரை சொருகினார், பட்டனை அமுக்கினார், "போர்டு போச்சு மேடம், மாத்தணும், 13,500 ஆகும், இல்லன்னா எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்கோங்க"ன்னார். ரெண்டு நிமிஷம் கூட ஆகல. மூடியைக் கழட்டல, மீட்டர் வைக்கல. எதை வச்சு போர்டுன்னு சொல்றீங்கன்னு கேட்டேன், "பவர் வரலைல்ல"ன்னார். பவர் வரலைன்னு சொல்லிட்டுதானே நான் போனதே!

டேட்டா என்னாகும்னு கேட்டதுக்கு போர்டு மாத்தினா எல்லாம் போயிரும்னு சொன்னார். இதைக் கேட்டதும் வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிருச்சு. எட்டு வருஷ டிசைன் அதுல இருக்கு. லேப்டாப்பைக் கொடுக்காம திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன்.

அதனாலதான் தலைப்பை மாத்தியிருக்கேன். நம்பலாமா?

அக்டோபர் 23, இரவு 8:00

டேட்டா விஷயத்துல அவர் சொன்னது தப்பு. இதை முதல்ல எழுதிடுறேன், என்னை மாதிரி யாராவது பயந்துட்டு இருந்தா படிக்கட்டும்.

நம்ம ஃபைல் இருக்கிறது எஸ்எஸ்டிலயோ ஹார்டு டிஸ்க்லயோ, மதர்போர்டுல இல்ல. என் லேப்டாப்ல 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி, நாலு ஸ்க்ரூ, பக்கவாட்டுல இழுத்தா வந்துருச்சு. அதை ஒரு யூஎஸ்பி கேஸ்ல போட்டு அண்ணன் மகளோட பழைய லேப்டாப்ல சொருகினேன். 2016ல பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது அது, 2011ல ஆரம்பிச்ச திட்டம்ல. அவ இப்ப கோயம்புத்தூர்ல வேலைல இருக்கா, லேப்டாப் இங்க பீரோ மேல துணி சுத்தி இருந்துச்சு. போன் பண்ணி எடுத்துக்கவான்னு கேட்டேன், "எடுத்துக்கோங்க அத்தை, அது எங்க ஆன் ஆகப் போகுது"ன்னா. பேட்டரி சுத்தமா செத்துருச்சு, ஆனா சார்ஜர்ல ஆன் ஆச்சு! ஆகி நிதானமா பத்து நிமிஷம் எடுத்து டெஸ்க்டாப் வந்துச்சு. யூஎஸ்பி சொருகினதும் என் ஃபோல்டர் எல்லாம் வரிசையா இருந்துச்சு, மூணு பத்திரிகையும் இருந்துச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு.

ரெண்டு எச்சரிக்கை. சில மெல்லிசு லேப்டாப்ல ஸ்டோரேஜை போர்டுலயே ஈயத்தால பத்த வச்சிருப்பாங்க (சால்டர்), அதைக் கழட்ட முடியாது, அந்த மாதிரி இருந்தா போர்டை மாத்தக் கூடாது, சரி பண்ணத்தான் பாக்கணும். இன்னொண்ணு பிட்லாக்கர், விண்டோஸே டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற வசதி. புது விண்டோஸ் லேப்டாப் நிறைய தானாவே என்கிரிப்ட் பண்ணி வச்சிருக்கும், டிஸ்க்கை வேற கம்ப்யூட்டர்ல போட்டாலும், போர்டை மாத்தினாலும் 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும். எங்க கொழுந்தனாருக்குப் போன வருஷம் கேட்டுச்சு, வீடே தேடினாங்க, கடைசில அவரோட மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டுக்குள்ள இருந்துச்சு. உங்க லேப்டாப் நல்லா ஓடிட்டு இருக்கும்போதே இன்னைக்கே அந்த 48 நம்பரை எடுத்துப் பேப்பர்ல எழுதி ரேஷன் கார்டு வைக்கிற இடத்துல வைங்க.

அக்டோபர் 24, காலை 7:05

திருத்தம். முதல் நாள் எழுதினதுல ஒரு பெரிய தப்பு இருக்கு, எல்லாரும் அதை வச்சுதான் பதில் சொல்லிட்டு இருந்திருக்கீங்க, மன்னிச்சுக்கோங்க.

அடாப்டர்ல பச்சை லைட் எரியுதுன்னு சொன்னேன்ல. எரியுது, லேப்டாப்ல சொருகுற வரைக்கும். சொருகின உடனே அணைஞ்சிருது. அடாப்டர் மேசைக்கு அடியில கிடக்கும், நான் சுவர்ல ஸ்விட்சைப் போட்டு லைட்டைப் பாத்துட்டு நிமிர்ந்து லேப்டாப்ல சொருகுவேன், சொருகினப்புறம் குனிஞ்சு பாக்கவே இல்ல. இன்னைக்கு "சொருகின பிறகும் எரியுதா?"ன்னு ஒருத்தர் ஒரு வரி கேட்டிருந்தார். போய் மேசைல வச்சு சொருகிப் பாத்தேன், டப்புனு அணைஞ்சது. பிடுங்கினா கூட வரல, சுவர் ஸ்விட்சை ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் விட்டுப் போட்டாத்தான் மறுபடி பச்சை வருது.

19.4 வோல்ட்னு நான் அளந்ததும் லோடு இல்லாம, அதாவது லேப்டாப்ல சொருகாம அளந்ததுதான், அதை வச்சு அடாப்டர் சரின்னு முடிவு பண்ணியிருக்கக் கூடாது.

அக்டோபர் 24, மாலை 6:45

லைட் அணையுதுன்னா ரெண்டுல ஒண்ணு. அடாப்டர் லோடு தாங்காம படுக்குது, இல்லன்னா லேப்டாப்ல ஷார்ட் இருக்கு, அடாப்டர் தன்னைக் காப்பாத்திக்க கட் ஆகுது. எதிர்வீட்டுத் தம்பிகிட்ட அதே முனை, அதே 19.5 வோல்ட் அடாப்டர் இருந்துச்சு, அவன்து 4.62 ஆம்ப்ஸ், 90 வாட்ஸ். வோல்ட் ஒண்ணா இருக்கணும், ஆம்ப்ஸ் கூட இருந்தா பரவால்ல, லேப்டாப் தனக்கு வேணுங்கிறதைத்தான் இழுக்கும். அதைச் சொருகினேன், அதுவும் அணைஞ்சது. என் அடாப்டரை அவன் லேப்டாப்ல போட்டோம், லைட் நின்னு எரியுது, சார்ஜ் ஏறுது.

ஷார்ட் என் லேப்டாப்லதான். திரும்பத் திரும்ப சொருகிப் பாக்காதீங்கன்னு சொன்னாங்க, நிறுத்திட்டேன்.

பிறகு மீட்டரை பீப் அடிக்கிற இடத்துல வச்சு, சார்ஜர் இல்லாம, பேட்டரியும் கழட்டின நிலைமைல, சார்ஜிங் ஓட்டைக்குள்ள ஒரு கம்பி, வெளி வளையத்துல ஒரு கம்பி. விடாம பீப்! ஓம்ஸ்ல வச்சா 0.5. மீட்டர் கம்பி ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டினாலே 0.3 காட்டுது, அப்போ உள்ள கிட்டத்தட்ட நேரா ஒட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

(ராத்திரி சேத்து எழுதுறேன்) இப்ப படுத்துட்டு யோசிச்சா முதல் நாள் காலைல மினுக்கின அந்த வெள்ளை லைட்தான் ஞாபகம் வருது. போர்டு மொத்தமா செத்திருந்தா அந்த மினுக்கு எங்க இருந்து வந்துச்சு? பேட்டரில மிச்சம் இருந்த துளி கரண்ட்ல அது எந்திரிக்கப் பாத்திருக்கு. ராத்திரி பூரா சார்ஜ் ஏறாம ஸ்லீப்லயே பேட்டரி காலியாயிருக்கு. அப்போ பேட்டரி வழி நல்லாருக்கு, சார்ஜர் வர்ற வழிலதான் அடைப்பு. எழுந்து லைட்டைப் போட்டு இதை எழுதிட்டேன், தூக்கம் வரல.

அக்டோபர் 25, இரவு 10:10

சரியாயிருச்சு!!

விவரமா எழுதுறேன். ஜங்ஷன் பக்கம் ஒரு மாடி, சின்ன ரூம், சிப் லெவல் சர்வீஸ் (போர்டையே மாத்தாம அதுல கெட்ட குட்டி பாகத்தை மட்டும் மாத்துறது) பண்ற ஒரு தம்பி. "ஆன் ஆகல தம்பி"ன்னு நான் சொல்லல. "சொருகினா அடாப்டர் லைட் அணையுது, ஜாக்ல பீப் அடிக்குது, வேற அடாப்டர்லயும் அப்படித்தான்"னு சொன்னேன். அவர் நிமிர்ந்து பாத்து "பாதி வேலையை நீங்களே முடிச்சுட்டீங்கக்கா, உக்காருங்க, உங்க முன்னாடியே பண்ணிடலாம்"னார்.

முதல்ல சார்ஜிங் ஜாக்ல இருந்து போர்டுக்கு வர்ற குட்டி வயர் கனெக்டரைப் பிடுங்கினார். பிடுங்கிட்டு ஜாக்ல வச்சா பீப் இல்ல, போர்டு பக்கம் வச்சா பீப். ஜாக் தப்பிச்சது. அப்புறம் மேசைல ஒரு பவர் சப்ளை பெட்டி, அதுல வோல்ட்டை 1ல வச்சார், 19 இல்ல, வெறும் 1. எதுக்கு இவ்வளவு கம்மின்னு கேட்டேன், ஷார்ட் ஆன இடத்தைச் சூடாக்க இது போதும், கூட வச்சா நல்லா இருக்கிறதும் கருகிரும்னார். ரெண்டு ஊசி வயரை போர்டுல பத்த வச்சு, ஒரு சின்ன பாட்டில்ல இருந்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை பிரஷ்ல தொட்டு அந்த ஓரம் பூரா ஈரமாக்கினார். சப்ளையை ஆன் பண்ணினதும் பெட்டில ஆம்ப்ஸ் ரெண்டரைக்கு ஏறிச்சு.

"அங்கயே பாருங்கக்கா"ன்னார். மண்ணெண்ணெய் கொட்டின தரை மாதிரி போர்டு பளபளன்னு இருக்கு. ஒரு இடத்துல மட்டும், எள்ளு அளவு இருக்கும், சுத்தி வட்டமா காய ஆரம்பிச்சது. மத்த இடமெல்லாம் ஈரம், அந்த ஒரு புள்ளி மட்டும் உலர்ந்து மங்கலாகுது. மறுபடி தொட்டு வச்சார், மறுபடி அதே புள்ளி. ஒரு கெப்பாசிட்டர் (கரண்டைத் தேக்கி வைக்கிற குட்டி பாகம்), பழுப்பு நிறத்துல, ரெண்டு ஓரத்துல வெள்ளி. லென்ஸ்ல காட்டினார், குறுக்கால மயிரிழை மாதிரி ஒரு கோடு.

சூடு பண்ணி இடுக்கியால தூக்கினார், மீட்டர் வச்சார், பீப் நின்னது. அதே லைன்ல பக்கத்துல இன்னும் மூணு கெப்பாசிட்டர் இருக்கு, இது இல்லாமலே ஓடும், இருந்தாலும் போடுறேன்னு ஒரு பழைய போர்டுல இருந்து எடுத்து அளந்து பாத்துப் போட்டுக் கொடுத்தார். மொத்தமா 600 ரூபாய், நாப்பது நிமிஷம்.

சார்ஜரைச் சொருகும்போது நான் லேப்டாப்பைப் பாக்கல, அடாப்டரைத்தான் பாத்தேன். பச்சை அணையல.

அக்டோபர் 26, காலை 11:30

எல்லா போர்டு கேஸும் இப்படி 600 ரூபாய்ல முடியும்னு நினைச்சுக்காதீங்க. தண்ணி போய் அரிச்ச போர்டு, ப்ராசஸர் பக்கம் ஷார்ட், பயாஸ் (ஆன் ஆகும்போது முதல்ல ஓடுற ப்ரோகிராம்) கெட்டது, இதெல்லாம் வேற செலவு, சிலது சரி பண்ணவே முடியாது. நான் சொல்றது ஒண்ணுதான், மூடியைக் கழட்டாம, மீட்டர் வைக்காம போர்டு போச்சுன்னா அதை ஏத்துக்காதீங்க. 'எந்த லைன்ல ஷார்ட்?'னு கேளுங்க. பாத்தவங்களுக்கு அதுக்கு ஒரு பதில் இருக்கும்.

அக்டோபர் 27, மதியம் 3:00

இடிதான் காரணம்னு முதல் நாள்ல இருந்து நினைச்சுட்டு இருந்தேன், இப்ப அப்படித் தோணல. இடில போயிருந்தா அடாப்டர்தான் முதல்ல அடி வாங்கியிருக்கும், அது கல்லு மாதிரி இருக்கு. அந்த கெப்பாசிட்டர் பீங்கான், போர்டு வளைஞ்சா விரிசல் விடும்னு தம்பி சொன்னார். எங்க இருந்துச்சு? இடது ஓரத்துல, சார்ஜிங் ஓட்டைப் பக்கத்துல. நான் ஆறு வருஷமா திறந்த லேப்டாப்பை இடது கையால அந்த மூலையைப் பிடிச்சு ஒத்தைக் கையில தூக்கிட்டு ஹாலுக்கும் ரூமுக்கும் நடக்குறேன். இனிமே ரெண்டு கை.

இடி நேரத்துல பிளக்கைப் பிடுங்குறது எப்பவும் நல்லது, அதை விட்டுராதீங்க. ஸ்விட்சை ஆஃப் பண்ணினா போதாது, பிளக்கையே பிடுங்கணும்.

அக்டோபர் 27, இரவு 9:20

பத்திரிகைல போடுற தமிழ் ஃபாண்ட் (எழுத்துரு) என்னாச்சுன்னு கேட்டவருக்கு. லேப்டாப் ஜங்ஷன் கடைக்குப் போறதுக்கு முன்னாடி, 24ஆம் தேதியே எஸ்எஸ்டியை எடுத்துட்டு பிரஸ்ஸுக்குப் போயிட்டேன். அங்க கோரல் டிரா (டிசைன் சாஃப்ட்வேர்) இருக்கு. ஃபைலைத் திறந்தா 'நிகழும் மங்களகரமான' இருக்க வேண்டிய இடத்துல இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனுமா கிடக்கு. பாமினி மாதிரி பழைய ஃபாண்ட் எல்லாம் அப்படித்தான், உள்ள இருக்கிறது இங்கிலீஷ் எழுத்து, ஃபாண்ட்தான் அதுக்குத் தமிழ் உருவம் கொடுக்குது, ஃபாண்ட் இல்லன்னா தமிழே இல்ல. எஸ்எஸ்டிக்குள்ள விண்டோஸ் ஃபோல்டர், அதுக்குள்ள ஃபாண்ட்ஸ், அங்க இருந்து என் ஃபாண்டை எல்லாம் எடுத்து பிரஸ் மெஷின்ல போட்டதும் மணமக்கள் பேரு ஒவ்வொண்ணா தமிழ்ல எந்திரிச்சு வந்துச்சு. பிரஸ் அண்ணாச்சி பக்கத்துல நின்னு பாத்துட்டு "பொண்ணு மாப்பிள்ளை வந்தாச்சு, இனி மேளம்தான்"னாரு. மூணுல ஒண்ணு அன்னைக்கே ப்ரூஃப் போயிருச்சு.

டேட்டா பேக்கப்னா ஃபைல் மட்டும் எடுத்தா பத்தாது, தமிழ்ல வேலை பாக்குறவங்க ஃபாண்டையும் சேத்து எடுத்து வைங்க.

நவம்பர் 3, காலை 8:15

தீபாவளி முடிஞ்சு இப்பத்தான் வர்றேன். இடையில ஒரு கேள்வி இருந்துச்சு, சார்ஜ் போட்டுட்டு லேப்டாப் மேல கை வச்சா சுர்ருனு இழுக்குது, போர்டு பிரச்சனையான்னு. போர்டு இல்ல, எர்த்து. எங்க வீட்லயும் இருந்துச்சு. அடாப்டருக்குள்ள கரண்ட்ல வர்ற இரைச்சலை வடிகட்டுற ஒரு கெப்பாசிட்டர் வழியா துளி கரண்ட் கசியும், அது மூணாவது பின் வழியா எர்த்துக்குப் போகணும். பிளக்குல மூணு ஓட்டை இருக்கும், ஆனா உள்ள எர்த் வயர் கனெக்ட் ஆகியிருக்காது, இல்லன்னா நாம ரெண்டு பின் அடாப்டர்ல சொருகியிருப்போம். அப்போ கசியுறது லேப்டாப் மூடில வந்து நிக்குது. எங்க வீட்டுக்கு எலக்ட்ரீஷியன் வந்து மெயினை ஆஃப் பண்ணிட்டு பிளக்கைக் கழட்டினார், பச்சை வயர் பெட்டிக்குள்ள சும்மா சுருண்டு கிடக்கு, வீடு கட்டினதுல இருந்து அப்படித்தான் இருந்திருக்கு. மாட்டினதும் சுர்ரு போச்சு. இதை ஆளை வச்சே பண்ணுங்க, நீங்களா கை வைக்காதீங்க.

நவம்பர் 9, இரவு 7:50

புது பேட்டரி போட்டாச்சு. மூணு பத்திரிகையும் அச்சாகி மஞ்சள் தடவி வீட்டுக்குப் போயிருச்சு.

நேத்து கேட்டவருக்கு: உங்களுக்கு லைட் வருது, ஃபேன் சுத்துது, கேப்ஸ் லாக் லைட் விட்டு விட்டு மினுக்குதுன்னா உங்களோடது என் கேஸ் இல்ல. அந்த மினுக்கு எத்தனை தடவைன்னு எண்ணி, உங்க மாடலுக்கு அதுக்கு என்ன அர்த்தம்னு கம்பெனி மேனுவல்ல பாருங்க, ரேமா டிஸ்ப்ளேயான்னு அதுவே சொல்லிரும். ரேம் ரெண்டு இருந்தா ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி ஒரே ஸ்லாட்ல போட்டுப் பாருங்க, பேட்டரி கனெக்டரை முதல்ல கழட்டிட்டு. எண்ணினதும் இங்க எழுதுங்க, நான் பாத்துட்டுதான் இருப்பேன்.